பக்கவாதத்தில் இழந்த அசைவு மீளும் வகை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கீழ்பென்னாத்தூரிலும், அதனைச் சூழ்ந்து நெல்லும் கரும்பும் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலையும் விளையும் கிராமங்களிலும், ஒருவருக்குக் கைகால் இழுத்துக்கொண்டது என்ற செய்தி பரவியதும் பார்க்க வருகிறவர்கள் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லும் அபிப்பிராயங்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். "வாதம் வந்தா வந்ததுதான், இனிமே பழையபடி ஆவாது" என்பது ஒன்று. "ஆறு மாசத்துக்குள்ள வர்றதுதான் வரும், அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது" என்பது மற்றொன்று. "ஒரு மண்டலம் எண்ணெய் போட்டு நீவினா எழுந்து நடப்பாரு, எங்க மாமா நடந்தாரே" என்பது மூன்றாவது. இவற்றுள் எதுவும் முழுப் பொய்யன்று. ஒவ்வொன்றும் எங்கோ ஒருவருக்கு உண்மையாகவே நிகழ்ந்ததைக் கண்டு சொல்லப்பட்டது. ஆயினும் ஒருவருக்கு நிகழ்ந்ததை எல்லோருக்கும் விதியாக்கி, அதையும் படுத்திருப்பவரின் காதில் விழும்படியே சொல்லிச் செல்வதால், அவர் காலையில் ஒரு நம்பிக்கையும் மாலையில் ஒரு நிராசையுமாகக் காலம் கழிக்க நேர்கிறது. இழந்த அசைவில் எவ்வளவு மீளும், எக்காரணத்தால் மீளும், எதுவரை மீளும், மீளும் வரையில் மனம் தளராதிருக்க என்ன வேண்டும் என்னும் நான்கு கேள்விகளை ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான்காவதற்குரிய விடை முதல் மூன்றின் விடைகளுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கருத்து.

நோயின் தோற்றத்தைச் சுருக்கமாகவே கூறிவிடலாம். உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, உடல் கொள்ளும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தானே செலவிடுகிறது. ஆகையால் அதற்குச் செல்லும் இரத்தக்குழாய் ஒன்று உறைகட்டியால் அடைபட்டாலும், உயர் இரத்த அழுத்தம் தாங்காமல் வெடித்தாலும், அக்குழாயை நம்பியிருந்த பகுதி நிமிஷக் கணக்கில் அழியத் தொடங்கும். இயக்க நரம்புகளிற் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறி இறங்குவதால், இடமூளை பழுதுபட்டவருக்கு வலக்கையும் வலக்காலும் சோர்கின்றன. பேச்சும் பெரும்பாலோர்க்கு இடமூளையைச் சார்ந்ததாகையால், அவர்களுள் பலர் சொல்லையும் இழக்கின்றனர். அடைப்பினால் வந்ததாயின் நாலரை மணி நேரத்துக்குள் உறைகட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்த இயலும். வாய் கோணி, ஒரு கை தாழ்ந்து, பேச்சுக் குழறிய அக்கணமே 108-ஐ அழைத்து ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும் என்பதற்கு மேல் இதை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. உயிர் பிழைத்து வீடு திரும்பிய பின் தொடங்கும் நெடுங்காலமே நம் விஷயம்.

அக்காலத்தில் அசைவு எவ்வரிசையில் திரும்புகிறது என்பதை முதன்முதலாகப் பொறுமையுடன் கவனித்து எழுதியவர்களுள் தலையானவர் தாமஸ் ட்விட்செல் என்னும் அமெரிக்க மருத்துவர். 1951-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியும், பின்னர் ஸ்வீடனில் பிறந்த சிக்னே ப்ருன்ஸ்ட்ரோம் அம்மையார் ஆறு படிகளாக வகுத்து 1970-இல் நூலாக்கிய முறையும் ஏறக்குறைய ஒரே கதையைச் சொல்கின்றன. முதலில் கையும் காலும் துவண்டு கிடக்கும். அப்பால் மெல்ல இறுக்கம் தோன்றும். அதன்பின் அசைவு வரும், ஆனால் தனித்தனி அவயவத்தின் அசைவாக வாராமல் மொத்தமாகக் கட்டுண்டு வரும். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முயல்கிறவரின் தோள் காதை நோக்கி ஏறுகிறது, முழங்கை மடங்கி வெளிப்புறம் விலகுகிறது, கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்கள் இறுக மூடிக்கொள்கின்றன; பிடித்த டம்ளரை விடச் சொன்னால் விட முடிவதில்லை. இந்தக் கட்டிலிருந்து ஒவ்வொரு மூட்டையும் பிரித்தெடுத்துத் தன் வசப்படுத்துவதே பின்வரும் படிகளின் வேலை. பெரும்பாலோர்க்குக் கால் முந்திக்கொள்ளும், கை பிந்தும், கையிலும் விரல்கள் கடைசியில் வரும். இவ்வரிசையை அறியாத குடும்பத்தார், துவண்டிருந்த கை இறுகத் தொடங்கியதும் நோய் முற்றிவிட்டதென்று கலங்குகிறார்கள். அறிந்தவர்களோ இனிக் கவனமாகப் பழக்க வேண்டிய காலம் வந்தது என்று கொள்கிறார்கள். எந்தப் படியிலும் ஒருவர் நின்றுவிடக் கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூளையில் பழுதுபட்ட இடமும் அதன் அளவும் அதைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன.

துவண்ட நாட்களிலேயே நேர்ந்துவிடும் ஒரு கேட்டைக் குறித்து இவ்விடத்தில் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அதை விளைவிப்பது பெரும்பாலும் அன்புதான். தோள்மூட்டில் மேற்கை எலும்பைக் கிண்ணத்தில் நிறுத்தி வைப்பவை அதனைச் சுற்றியுள்ள தசைகளே. அவை சோர்ந்தபோது கையின் பாரத்தால் எலும்பு கீழே நழுவ, தோளின் முனைக்குக் கீழே ஒரு விரல் அழுந்தும் அளவுக்குப் பள்ளம் தோன்றும். அந்நிலையில் உறவினர் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும், சோர்ந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதும் தோளில் தீராத வலியை உண்டாக்கிவிடும். உத்தரத்தில் கப்பி கட்டிக் கயிற்றின் ஒரு முனையில் சோர்ந்த கையைப் பிணைத்து, நல்ல கையால் மறுமுனையை இழுக்கும் பயிற்சியைப் பலர் செய்கின்றனர். ஆராய்ந்தோர் இம்முறையால் தோள்வலி மிகுவதைக் கண்டிருக்கின்றனர். வலி கண்ட கையை நோயாளி பின் எக்காரணத்தாலும் அசைக்கத் துணிவதில்லை. படுக்கையில் கைக்குக் கீழே தலையணை வைப்பதும், உட்காரும்போது மேசைமேலோ மடிமேலோ முழங்கையைத் தாங்கி வைப்பதும், எழுப்புகையில் இடுப்பைப் பிடித்து எழுப்புவதுமாகிய எளிய காரியங்கள், பின்னால் வரப்போகும் எல்லாப் பயிற்சிக்கும் மூலதனமாகும்.

இனி ஆறு மாத எல்லையைப் பற்றி ஆராய்வோம். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1,197 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1995-இல் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தாம் அடையக்கூடிய சிறந்த நிலையை ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குள் அடைந்துவிட்டனர் என்று கூறிற்று. ஆகவே முதல் மாதங்கள் விலைமதிப்பற்றவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வாய்வு அளந்தது, அக்காலத்தில் அந்நகரில் வழக்கமாகக் கொடுக்கப்பட்ட சிகிச்சையோடு குளித்தல், உடுத்தல், நடத்தல் முதலிய காரியங்களில் உண்டான முன்னேற்றத்தையே. கோலை ஊன்றியேனும் நடந்துவிட்டவர், ஒரு கையாலேனும் உண்டுவிட்டவர் அக்கணக்கில் தேறியவராகவே சேர்ந்தார். மற்றக் கையைப் பின்னும் பழக்கினால் பயனுண்டா என்னும் கேள்வி அதனால் தீரவில்லை.

அக்கேள்விக்கு விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நரம்பணுக்களின் அமைப்பை உலகுக்கு விளக்கிக் காட்டிய ஸ்பெயின் தேசத்து மேதை ரமோன் இ கஹால், வளர்ந்தவர்களின் மூளையில் நரம்புப் பாதைகள் நிலைத்து இறுகியவை, அழிந்தது மறுபடி தோன்றாது என்று எழுதியதை மருத்துவ உலகம் வேதவாக்காகக் கொண்டிருந்தது. அதற்கு முன்பே 1895-இல் மாட், ஷெரிங்டன் என்னும் இருவர், குரங்கின் கையிலிருந்து உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்புகளை மட்டும் வெட்டியபோது, இயக்க நரம்புகள் பழுதின்றி இருந்தும் குரங்கு அக்கையை அடியோடு கைவிட்டதைக் கண்டிருந்தனர். பல பத்தாண்டுகளுக்குப் பின் எட்வர்ட் டாப் என்னும் அமெரிக்கர், அவ்வாறு நரம்பு வெட்டப்பட்ட குரங்கின் நல்ல கையைக் கட்டிவிட்டுப் பார்த்தார். பசித்த குரங்கு கைவிட்ட கையால் உணவை எடுத்தது. தொடக்கத்தில் அசைக்க முயன்று பலமுறை தோற்றதனால், பின்னர் அசைக்கும் சக்தி திரும்பியும் அதை முயலாமலிருக்கப் பிராணி கற்றுக்கொள்கிறது என்பது அவர் கண்ட முடிபு. பக்கவாதக்காரர்களின் கையிலும் இவ்வாறு கற்றுக்கொண்ட கைவிடுதல் ஒரு பங்கு உண்டு எனக் கருதி, நல்ல கைக்கு உறையிட்டு நோயுற்ற கையையே வேலை வாங்கும் சிகிச்சையை அவர் வகுத்தார். 2006-இல் வெளியான எக்ஸைட் என்னும் பரிசோதனை, நோய் கண்டு மூன்று மாதம் முதல் ஒன்பது மாதம் வரை ஆன 222 பேரைக் கொண்டு, இரண்டு வாரப் பயிற்சியால் உண்டான பயன் ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்திருந்ததைக் காட்டியது. மணிக்கட்டையும் விரல்களையும் ஒரு பத்துப் பாகையேனும் தாமே நிமிர்த்த வல்லவர்களுக்கே அம்முறை உரியது. முற்றும் துவண்ட கையுடையவரின் நல்ல கையைக் கட்டிவைப்பது கொடுமையாகுமேயன்றிச் சிகிச்சையாகாது.

பயிற்சி மூளைக்குள்ளேயே மாறுதல் செய்கிறது என்பதற்குக் கண்கூடான சான்றைத் தந்தவர் ராண்டால்ஃப் நூடோ என்னும் ஆராய்ச்சியாளர். கையை ஆளும் மூளைப்பகுதியில் சிறு பழுதுற்ற குரங்குகளுக்கு, சிறு குழிகளிலிருந்து உணவுத் துணுக்கை விரலால் எடுக்கும் வேலையை நாள்தோறும் கொடுத்து அவர் பழக்கினார். பழகிய குரங்குகளின் மூளையில் கைக்குரிய எல்லை சுருங்காமல் நின்றதோடு, அண்டையில் முழங்கைக்கும் தோளுக்கும் உரியதாயிருந்த இடத்திலும் பரவியதை 1996-இல் வெளியிட்டார். இத்தகைய பரிசோதனைகளில் பிராணிகள் நாளொன்றுக்கு நானூறு, ஐந்நூறு முறை அவ்வசைவைச் செய்கின்றன. ஆனால் வட அமெரிக்க மருத்துவமனைகளில் கைப்பயிற்சி நடக்கும் வேளைகளில் கூடவே இருந்து எண்ணிப் பார்த்த கேத்தரின் லாங் குழுவினர், ஒரு வேளைப் பயிற்சியில் நோயாளி பயனுள்ள வேலையாகக் கையைச் செலுத்தியது சராசரியாக 32 முறைதான் என்று 2009-இல் தெரிவித்தனர். முன்னேற்றமில்லை என்று கைவிடப்பட்டவர்களுள் எத்தனை பேர் உண்மையில் போதிய அளவு பழக்கப்படாதவர்கள் என்ற எண்ணம் இவ்விரு எண்களையும் அடுத்தடுத்து வைத்தவுடன் எழாமற் போகாது.

மல்லாட்டை விதைக்கும் பருவத்தில் இவ்வட்டாரத்து வீடுகளின் திண்ணையில் கிழவியரும் குழந்தைகளும் சூழ்ந்திருந்து விதைக்காக உரிப்பதைக் கண்டவர்களுக்கு, அந்த நானூறு எட்டாத எண்ணாகத் தோன்றாது. காயை எடுத்தல், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே திருப்பி நிறுத்தல், மூக்கை நெரித்து ஓட்டை உடைத்தல், பருப்பை முறத்திலும் ஓட்டைக் கூடையிலும் விடுதல் என ஒவ்வொரு காயிலும் பிடித்தலும் விடுதலும் இருக்கின்றன; பக்கவாதக் கைக்குப் பிடிப்பதினும் விடுவதே அரிதாகையால், அக்கடைசி அசைவு பெரும் பயனுடையது. நெரிக்கும் வலிமை வாராதவர் உடைத்த பருப்பைப் பொறுக்கிப் போடலாம். அதுவும் இயலாதவர் மேசைமேல் பரப்பிய காய்களைப் புறங்கையால் ஒதுக்கித் தள்ளலாம். கம்பு புடைத்தல், பூத் தொடுத்தல், கீரை ஆய்தல் ஆகியவற்றிலும் இவ்வாறே படிப்படியான வேலைகள் உண்டு. பொருளற்ற அசைவை நூறு முறை செய்யச் சொன்னால் சலிக்கும் மனம், குடும்பத்துக்கு வேண்டிய வேலையில் அமர்ந்தால் அரைப்படி முடியும் வரை எழுவதில்லை. இதில் நல்ல கை குறுக்கே புகுந்து காரியத்தை முடித்துவிடாமல் மடியிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஒன்றே உடனிருப்பவர் செய்ய வேண்டியது.

அசைவே இல்லாத கைக்கு ஒரு வழியைக் காட்டியதில் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று பின்னர் கலிபோர்னியாவில் ஆராய்ச்சி செய்த வி. எஸ். ராமச்சந்திரன், கை வெட்டப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் வலியைத் தணிக்க நிலைக்கண்ணாடி ஒன்றைப் பயன்படுத்தினார். இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி நல்ல கையை அசைத்தால், பிம்பத்தில் நோயுற்ற கையே அசைவது போலத் தோன்றும். இதனைப் பக்கவாதத்திற்கும் பயன்படுத்தி, அவரும் சேர்ந்த குழுவினர் ஒன்பது நோயாளிகளைக் கொண்டு செய்த சிறு பரிசோதனை 1999-இல் வெளியாயிற்று. அதன்பின் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோரும் இதனால் மிதமான பயன் உண்டு என்கின்றனர். செலவோ ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் விலைதான்.

ஆர்வமிகுதியும் தீங்காகலாம் என்பதற்கு 2015-இல் வெளியான அவெர்ட் பரிசோதனை சாட்சி. 2,104 நோயாளிகளைக் கொண்ட அதில், நோய் கண்ட 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடியும் அதிகமாகவும் எழுப்பி நடத்தப்பட்டவர்கள், வழக்கமான முறையில் நிதானமாக எழுப்பப்பட்டவர்களைவிடக் குறைவாகவே தேறினர். மாத்திரையால் அசைவை மீட்கலாம் என்ற ஆசையும் ஒருமுறை எழுந்து அடங்கியது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளுவோக்ஸெடின் கைகால் வலிமையைக் கூட்டுவதாகப் பிரெஞ்சு ஆய்வொன்று 2011-இல் கூறியபோது பலரும் மகிழ்ந்தனர்; ஆனால் மூவாயிரம் பேருக்கு மேல் கொண்ட பிரிட்டிஷ் பரிசோதனை 2018-இல் அப்பயனைக் காணவில்லை. ஊர்களில் விற்கப்படும் லேகியங்களையும் புறா இரத்தத்தைத் தேய்ப்பதையும் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. இதமாக எண்ணெய் தேய்ப்பதால் உடம்புக்குச் சுகமுண்டு, கேடில்லை. ஆனால் அவற்றை நம்பி இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை நிறுத்தியவர்களை இரண்டாம் முறை தாக்கும் பக்கவாதம், முதல் முறை மீண்டதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறது.

இவ்வளவும் உடலைப் பற்றியது. பக்கவாதம் கண்டவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவரை மனச்சோர்வு பீடிக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகள் ஒருமித்துச் சொல்வது. அதனை நம் வீடுகளில் பிடிவாதம் என்றும், சோம்பல் என்றும், "எது சொன்னாலும் அழறாரு" என்றும் தவறாகக் கொள்கின்றனர். "தைரியமா இருங்க" என்ற சொல் அவருக்கு உதவுவதில்லை. தைரியத்துக்கு ஆதாரமாக நேற்று இயலாதது ஒன்று இன்று இயன்றிருக்க வேண்டும். குணமானால் நடந்தே கிரிவலம் வருவதாக அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொள்பவர் இங்கு அநேகர். அந்த 14 கிலோமீட்டரை மொத்தமாக நினைத்தால் கட்டிலிலிருந்து எழவே மனம் வாராது; ஆனால் அப்பாதையையே நம் முன்னோர் இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு இடங்களில் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அவ்வாறே நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, திண்ணை வரை செல்வது, தெருக்கோடி மாரியம்மன் கோயில் வரை செல்வது என இடங்களைக் குறித்து, அடைந்த நாளைத் தேதிக் காலண்டரில் எழுதி வைக்கும் வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். சோர்வு நாட்கணக்கில் நீங்காதாயின் மருத்துவரிடம் சொல்லி மருந்து பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள்ளேயே, வேலூரில், இவ்விஷயத்தில் நம் நாட்டுக்கே வழிகாட்டியவர் ஒருவர் வாழ்ந்தார். டாக்டர் மேரி வர்கீஸ் பக்கவாதம் கண்டவரல்லர். 1954-இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் தண்டுவடம் அறுந்து இடுப்புக்குக் கீழே இயக்கம் முற்றும் இழந்த இளம் மருத்துவர். அவருக்கு யாரும் நடை திரும்புமென்று வாக்குக் கொடுக்கவில்லை. குஷ்டரோகிகளின் கைகளைச் சீராக்கும் அறுவைசிகிச்சையில் புகழ் பெற்றிருந்த பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அத்தொழிலை அவருக்குக் கற்பித்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து பிறர் விரல்களுக்கு அசைவு கொடுத்த அவர், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அத்துறையை நடத்தினார். 1966-இல் பாகாயத்தில் தோன்றிய மறுவாழ்வு நிலையம் அவருடைய முயற்சியின் பயன். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1986-இல் மறைந்தார். அவருக்கு நம்பிக்கை அளித்தது தேறிவிடுவோம் என்ற எண்ணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மிஞ்சியிருந்த அவயவங்களுக்கு மறுநாள் காலையில் ஒரு வேலை காத்திருந்தது என்பதே அவரை நிறுத்தியது. அதே கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து, கை விரல்களைத் திரும்பத் திரும்பப் பழக்குவதற்கென ப்ளூட்டோ என்னும் சிறு இயந்திரத்தை அண்மையில் உருவாக்கியிருக்கின்றன.

ஆனால் கீழ்பென்னாத்தூர் வட்டத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் மாதக்கணக்கில் வேலூரில் தங்குவது எங்ஙனம்? நிபுணர் இல்லாக் குறையைக் குடும்பத்தார் நிரப்பக்கூடுமா என்று அறிய, லூதியானாவின் மருத்துவர் ஜெயராஜ் பாண்டியன் முதலியோர் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு அட்டெண்ட் என்னும் பரிசோதனையை நடத்தினர். வீட்டார் ஒருவருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி முறை கற்பித்து, இரண்டு மாதம் வரை வீட்டில் தொடரச் செய்தனர். 2017-இல் வெளியான முடிவு ஏமாற்றம் தந்தது: ஆறு மாத இறுதியில் இறந்தவரும் பிறரை எதிர்பார்த்திருப்பவரும், இவ்வாறு பழக்கப்பட்டவர், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர் ஆகிய இரு சாராரிலும் நூற்றுக்கு 47 பேராகவே இருந்தனர். குடும்பத்தின் உழைப்பு வீண் என்று இதற்குப் பொருள் செய்வது அவசரமாகும்; எவ்வளவு அன்புடையவராயினும், சமையலும் வயலும் மாடும் குழந்தையுமாகத் தவிக்கும் ஒரு பெண்ணிடம் சில மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பயிற்றுநர் விலகிக்கொள்வதனால் போதிய அளவு பயிற்சி நோயாளிக்குச் சேராது என்பதே எனக்குத் தோன்றும் பொருள்.

ஆகையால் பயிற்றுநர் மீண்டும் மீண்டும் வீட்டுக்கு வரவேண்டும். தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டிலேயே கொடுப்பதோடு இயன்முறை மருத்துவரையும் வீடு தேடி அனுப்புகிறது. 2024-இல் அதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. இது நல்ல தொடக்கம் என்று மனமார நம்புகிறேன். வருகிற இயன்முறை மருத்துவர் கையைப் பிடித்துப் பத்து நிமிஷம் நீட்டி மடக்கிவிட்டுச் செல்வதைக் காட்டிலும், அவ்வீட்டின் வேலைகளுள் நோயாளிக்குப் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்து, அதைச் செய்யும் முறையைக் காட்டி, நாளைக்கு இத்தனை என்று காலண்டரில் எழுதி, அடுத்த வருகையில் அக்கணக்கைக் கேட்டு வேலையை ஒரு படி கடினமாக்கிச் செல்வாராயின், ஒரே வருகை முப்பது நாளுக்குப் பயன்படும். அவர் யார் வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்னும் பட்டியலில், போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரோடு, ஆறு மாதம் கடந்துவிட்டது இனி ஒன்றுமில்லை என்று இரண்டு வருஷமாகத் திண்ணையில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருப்பவரின் பெயரும் இருக்க வேண்டும்.